நாய்க்கடிக்கு நாலு மதகு

மனித உடம்பில் எலும்பு, தோல், நரம்பு என்று எதுவுமே கிடையாது, இருப்பதெல்லாம் ஆறும் வாய்க்காலும் மதகும்தான் என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் லஸ்கர். சொன்னதோடு விட்டாரா? சுற்று வட்டாரத்தையே நம்ப வைத்துவிட்டார். இன்றைக்கும் திருவாரூருக்குக் கிழக்கே சில கிராமங்களில் போய், "மூளை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "கல்லணையில" என்று பதில் வரும்.

நான் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அரசாங்க உத்தரவில்தான் மருந்தாளுநர், ஊருக்குக் கம்பவுண்டர். என் மாத்திரை ஜன்னலுக்குப் பக்கத்து மேஜையில் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் லஸ்கர். அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, வேறு எங்கேயும் இல்லை. ஆற்று மதகைத் திறந்து மூடுகிற ஊழியரை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். இவர் வாலிபத்தில் கொஞ்ச காலம் தற்காலிக லஸ்கராக இருந்தவர். பிறகு ஆஸ்பத்திரி ஊழியர் வேலை கிடைத்தது. ஆள் இங்கே வந்து சேர்ந்துவிட்டார், மனசு மதகடியிலேயே நின்றுவிட்டது. பேனாவைக்கூட மதகின் ஷட்டரை இறக்குகிற மாதிரி இரண்டு கையாலும் திருகித் திருகித்தான் மூடுவார்.

பிரஷர் என்று யாராவது வந்தால், "கரை தாங்கற அளவுக்கு மேல தண்ணி வுட்டிருக்கே. உப்பக் கொற" என்பார். சிறுநீரகக் கல் என்றால், "மதகுல கட்ட சிக்கியிருக்கு." மலச்சிக்கலோடு வந்த ஒரு பெரியவருக்கு அவர் சொன்ன விளக்கத்தை ஒரு குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. தூர்வாருவது சம்பந்தப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து புதிதாக ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் ஆர்வம். வந்த இரண்டாம் நாளே லஸ்கரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நீங்க சீட்டு மட்டும் எழுதுங்க. பேஷன்ட்டுக்கு எக்ஸ்பிளெயின் பண்றத நான் பாத்துக்கறேன்."

"சரிங்க மேடம்" என்றார் லஸ்கர்.

அன்றைக்கென்று பார்த்து, சளியும் காய்ச்சலுமாக ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தாள். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, தானாகச் சரியாகிவிடும் என்று விளக்கினார். பொறுமையாக, அழகாக, கையால் காற்றில் உருண்டை உருண்டையாகப் படம் போட்டு விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கலர் மாத்திர ஸ்டாக் இல்லீங்களா?" என்றாள்.

டாக்டரம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மா என் ஜன்னலைப் பார்த்து, "கம்பவுண்டர் சார், நீங்களாவது சொல்லுங்க, ரெண்டே ரெண்டு குடுங்க" என்றாள். வெளியே முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். லஸ்கர் தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, பாக்டீரியான்னு ஒருத்தன். அவன் உன் வீட்டுக் கொல்லையில குடிசை போட்டு ஒக்காந்துக்குறான். அவனுக்குச் சட்டி பானை உண்டு, அடுப்பு உண்டு. நம்ம கலர் மாத்திர போயி அவன் அடுப்ப ஒடைக்கும். சோறு இல்லாம செத்துடுவான். புரியுதா?"

"புரியுது."

"இவன் வைரஸு. இவனுக்குச் சட்டியும் கெடையாது, அடுப்பும் கெடையாது. கைய வீசிக்கிட்டு உன் வீட்டுக்குள்ளயே வந்து, உன் அடுப்புல, உன் அரிசியப் போட்டு, அவன மாதிரியே நூறு பேர சமைச்சு வெளிய அனுப்புவான். இப்ப மாத்திர போயி யாரு அடுப்ப ஒடைக்கும்? ஒடைக்கணும்னா உன் அடுப்பத்தான் ஒடைக்கணும்."

அந்த அம்மா யோசித்தாள். "சொந்தமா ஒரு அடுப்புகூட இல்லாமயா திரியுறான்?"

"கெடையாதுங்கறேன்."

"சீ, என்ன பொழப்பு இது" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கலர் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். டாக்டரம்மா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணா, நீங்க அந்த மேஜைய இன்னும் கொஞ்சம் என் ரூம் பக்கமா நகர்த்திப் போட்டுக்கறீங்களா?" என்றார்.

ஆனால் லஸ்கரின் புகழுக்குக் காரணம் சளியில்லை, நாய்க்கடி. எங்கள் பக்கத்தில் ஆளை விட நாய் அதிகம். கடித்ததும் மஞ்சள் பூசுவார்கள், மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டுவார்கள், ஒருத்தர் காபித்தூள் அப்பிக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரியே மணத்தது. முதல் ஊசிக்கு ஓடி வருவார்கள். அதற்கப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மூன்று ஊசி பாக்கி இருக்கும். "அதான் ஒண்ணு போட்டாச்சே" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தோம். நோட்டீஸ் கிழிந்தது, ஆள் வரவில்லை.

லஸ்கர் மேஜைக்குப் பின்னால் சுவரில் கரிக்கட்டியால் ஓர் ஆள் படம் வரைந்தார். தலையில் கல்லணை. கழுத்துக்குக் கீழே தஞ்சாவூர். இடுப்பில் நீடாமங்கலம். முழங்காலில் திருவாரூர். பாதத்தில், தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடையான நாகப்பட்டினம். நாகப்பட்டினத்துக்கு நேரே ஒரு நாய்.

"நாயி எச்சில்ல இருக்கிற வைரஸு கால்ல எறங்குது. எறங்குன ஒடனே மூளைக்குப் பாயாது. நரம்பு வாய்க்காலப் புடிச்சு, கடைமடையிலேர்ந்து கல்லணைக்கு எதிர்த்தண்ணியில ஏறுவான். கல்லணையில கால வச்சிட்டான்னா அதுக்கப்புறம் எந்த ஊரு டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஏறி முடிக்கறதுக்குள்ள வழியில இருக்கிற மதகெல்லாம் அடைக்கணும். யாரு அடைக்கிறது?"

"ஊசி" என்பார்கள் வரிசையில் நிற்பவர்கள்.

"அதான் இல்ல! ஊசி அடைக்காது. ஒடம்புக்குள்ளயே மதகு அடைக்கிற லஸ்கருங்க லட்சக்கணக்குல இருக்கானுங்க. எல்லாம் தூங்குறானுங்க. ஊசியில செத்த வைரஸ் இருக்கு. 'டேய், இந்த மூஞ்சி வருது, பாத்துக்க'ன்னு அதக் காட்டி எழுப்புறோம். ஒரு தடவ எழுப்புனா கொட்டாவி வுட்டுட்டுத் திரும்பிப் படுப்பான். கவர்மென்ட்டு ஆளு, அப்புடித்தான் இருப்பான். நாலு தடவ எழுப்புனாத்தான் வேலைக்கு வருவான்."

காயம் ஆழமாக இருந்தால் டாக்டரம்மா காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்புக்கான சீரம் ஊசியும் போடுவார். அதற்கும் லஸ்கரிடம் விளக்கம் இருந்தது. "அவனுங்க எழுந்திருச்சு வர்ற வரைக்கும் மணல் மூட்ட." மூஞ்சியில் கடி வாங்கி வந்தவனிடம் மட்டும் கதை சொல்ல மாட்டார். "நாயி கல்லணை வாசல்லயே எறக்கி வுட்டிருக்கு, ஓடு உள்ள!" என்று சீட்டைக் கையில் திணித்துத் தள்ளிவிடுவார்.

ஒருநாள் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். நல்ல ஆகிருதி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்து, "எதுக்குப்பா வந்திருக்கே?" என்றார்.

"மூணாவது மதகு அடைக்கணுங்க."

அதிகாரி வெளியே போய், பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். "யாரு அடைப்பாங்க?"

"நர்ஸம்மாதான்."

"நாய் எங்க கடிச்சுது?"

"திருவாரூருக்குக் கீழ, நாகப்பட்டினத்துக்கு மேலங்க" என்று அவர் கெண்டைக்காலைத் தடவினார். அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "அப்ப அந்த நாய் எந்தப் பஞ்சாயத்துல சேரும்?" என்று கேட்டார்.

டாக்டரம்மாவுக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அதிகாரி நாய்க்கடிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் முகம் மாறியது. முதல் ஊசிக்கு வந்து இருபத்தெட்டு நாள் முடிந்த அத்தனை பேரும் நாலாவது ஊசிக்கும் வந்திருந்தார்கள். குறிப்பேட்டை மூடிவிட்டு லஸ்கரிடம் மெதுவாகக் குனிந்து, "எனக்கு முழங்கால்ல ரொம்ப நாளா வலி. அது எந்த ஊருன்னீங்க?" என்றார்.

"திருவாரூர் சார். தேர் நிக்கிற எடம். வெயிட்டுதான் காரணம்."

அதிகாரி அதற்கப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. ஆனால் நல்லபடியாகவே எழுதிவிட்டுப் போயிருந்தார்.

இப்படி ராஜ்ஜியம் நடந்துகொண்டிருந்தபோது தங்கராசுவை நாய் கடித்தது.

தங்கராசு கடைமடையில் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். லஸ்கர் மதகடியில் வேலை பார்த்த காலத்தில் இருவருக்கும் ஜென்மப் பகை. இவர் மதகைப் பூட்டுவார், அவர் பூட்டை உடைப்பார். ஒரு தடவை சாவிக்காக இருவரும் கரையில் கட்டிப் புரண்டதில் லஸ்கருக்கு முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. அப்படிப்பட்ட தங்கராசு கணுக்காலில் ரத்தத்தோடு, தெருநாய் கடித்துவிட்டதென்று வந்து நின்றார்.

லஸ்கர் முகம் பார்க்காமல் சீட்டு எழுதினார். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வைத்தார். சீரமும் முதல் ஊசியும் ஆயிற்று. கதை சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தண்ணீர் தெரிந்த ஒரு மனுஷன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க லஸ்கரால் முடியவில்லை. அன்றைக்குச் சொன்ன மாதிரி அவர் என்றைக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பும் வந்தது, ஒவ்வொரு கிளை ஆறும் வந்தது. தங்கராசு கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கல்லணையில தொறந்த தண்ணி நம்மூரு வர எத்தினி நாளு ஆவுது?"

"நல்லா வந்தாலே பத்து நாளாவும்."

"பள்ளத்துல வர்றதுக்கே பத்து நாளு. அப்ப கடைமடையிலேர்ந்து மேட்டுல ஏறணும்னா?"

"ஆவும், ஆவும். அது ரொம்ப நாளாவும்" என்றார் லஸ்கர். இத்தனை வருஷத்தில் இப்படி நுணுக்கமாக ஒருவரும் கேட்டதில்லை என்ற பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

மூன்றாம் நாள் தங்கராசு சரியாக வந்தார். ஐந்தாம் நாள் கடித்த நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. ஏழாம் நாள் தங்கராசு வரவில்லை. பதினோரு மணிக்கு நான் போன் போட்டேன். லஸ்கரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கம்பவுண்டர் சார், இன்னைக்கு எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வுடுற முறை. சம்பா மொளச்சுக் காஞ்சு கெடக்கு, நெலம் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இத வுட்டா அடுத்த முறை எப்பன்னு யாருக்குத் தெரியும்? வைரஸு எங்க சார் போயிடப் போவுது? கடிச்சது கணுக்கால்ல. சுத்தமான கடைமடை. மேட்டுல ஏற ரொம்ப நாளாவும்னு லஸ்கரே சொல்லிட்டாரு. இன்னும் திருவாரூரையே தாண்டியிருக்காது. முறை முடிஞ்சு ஆற அமர வந்து, இருக்கிற ரெண்டு மதகையும் ஒண்ணா அடைச்சுக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டான். நான் சிரிக்கப் பார்த்தேன். லஸ்கரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது.

"சார், வண்டிய எடுங்க" என்றார்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஏழு கிலோமீட்டர். வழியெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது, பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தங்கராசு மண்வெட்டியோடு மடையடியில் நின்றிருந்தார். தண்ணீர் அப்போதுதான் வயலுக்குள் திரும்பியிருந்தது.

"யோவ் தங்கராசு, கெளம்பு."

"முறை முடியட்டும்யா. அதான் போன்லயே சொன்னேனே."

இப்போது லஸ்கர் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவார், அந்த வைரஸ் ராத்திரியில் திருட்டு மோட்டார் வைத்து ஏறுகிறவன் என்பது மாதிரி, என்று காத்திருந்தேன். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கதைய வுடுய்யா. அந்த நாயி செத்துப்போச்சு. ஊசி போடலன்னா நீயும் செத்துப்போயிடுவ. எத்தன நாள்ல வரும்னு எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒனக்கு நான் சொன்னது தப்பு."

தங்கராசு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"என்னய்யா இது? ஒரு வாய்க்கால்கூட இல்லாமப் பேசுற?" என்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாய் செத்ததற்குப் பயப்படாத மனிதர், ஊசி தவறியதற்குப் பயப்படாத மனிதர், லஸ்கர் உவமை இல்லாமல் பேசியதைக் கேட்டுப் பயந்துபோனார்.

"அப்ப என் தண்ணி?"

லஸ்கர் செருப்பைக் கழற்றினார். காக்கிப் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு மடைக்குள் இறங்கி, தங்கராசுவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

"நான் நிக்கிறேன்."

"நீயா? என் வயலுக்கா?"

"ஏன், நான் நின்னா தண்ணி பாயாதா? போய்யா."

என் வண்டியில் ஏறிய பிறகும் தங்கராசு திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே வந்தார். "மேலத் தாக்குக்கு மொதல்ல வுடு! வரப்புல எலி வளை இருக்கு, மண்ணு அணை! பக்கத்து வயக்காரன் வந்து இனிப்பாப் பேசுவான், ஏமாந்துடாத!" கடைசியாகச் சொன்னது லஸ்கர் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை, நாங்கள் மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டோம்.

ஊசி போட்டுக்கொண்டு நாங்கள் திரும்பியபோது மேலத் தாக்கு, கீழத் தாக்கு என்ற இரண்டு வயல் துண்டிலும் தண்ணீர் நின்றது. லஸ்கர் தலையிலிருந்து கால் வரை சேறாக இருந்தார். கரையில் பக்கத்து வயல்காரர் நின்றுகொண்டு, "கம்பவுண்டர் சார், சீட்டு எழுதுற ஆளு எங்களுக்கு முறை சொல்லித் தர்றாரு, இந்த அநியாயத்தக் கேளுங்க" என்று முறையிட்டார். தங்கராசு வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பாய்ச்சத் தெரியுது" என்றார். அவர் வாயிலிருந்து லஸ்கருக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அடுத்த நாளிலிருந்து லஸ்கர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"மூணாம் நாள் வாங்க. ஏழாம் நாள் வாங்க. இருபத்தெட்டாம் நாள் வாங்க." அவ்வளவுதான். சுவரில் இருந்த படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் என் ஜன்னலுக்கு வந்து, "லஸ்கர் அண்ணனுக்கு என்னாச்சு? புது டாக்டரு திட்டிட்டாங்களா?" என்று கிசுகிசுத்தார்கள். பாவம் டாக்டரம்மா, அவரே ஒருநாள் கெஞ்சிவிட்டார்.

"அண்ணா, எப்பவும் போல சொல்லுங்களேன்."

"வேணாம் மேடம். என் வாயி ஒரு ஆளக் கொன்னுருக்கும்."

டாக்டரம்மா தானே முயற்சி செய்தார். நாகப்பட்டினத்தில் ஏறின வைரஸைத் திருவாரூர், கும்பகோணம் வழியாக நீடாமங்கலத்துக்குக் கொண்டுபோனார். வரிசையில் இருந்த நாலு பேர், "மேடம், அந்தப் பக்கம் வேற ஆறு" என்று திருத்தினார்கள். அதோடு அவரும் விட்டுவிட்டார். அந்த மூன்று வாரத்தில் மறுபடியும் ஊசிக்கு வராதவர்களுக்கு நான் போன் போட ஆரம்பித்தேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை தங்கராசு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டார். நாலாவது ஊசியும் போட்டாயிற்று. அப்புறமும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் கையில் கடி வாங்கிய ஒரு பெண் வந்தாள். லஸ்கர் சீட்டு எழுதி, தேதிகளைச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாலு தடவயும் வரணுமா? நடவு வேல இருக்கு" என்றாள் அவள்.

லஸ்கர் அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்தார். தங்கராசு எழுந்து வந்தார்.

"இந்தாம்மா, நான் சொல்றேன் கேளு. ஒடம்புக்குள்ள நாலு லஸ்கரு தூங்குறான். இந்த ஆளு மாதிரியே சோம்பேறி. ஊசி போய் அவனுங்கள எழுப்புது. நடுவுல ஒரு நாள வுட்டே, தொலஞ்ச. தண்ணியாவது முறை வர்ற வரைக்கும் நிக்கும். இந்த வைரஸு முறைக்கு நிக்காது. கணக்குப் போட்டு வீட்டுல ஒக்காந்தவன் நான், அனுபவிச்சுச் சொல்றேன்."

"நாலு லஸ்கரு இல்லய்யா" என்றார் லஸ்கர், தலையைத் தூக்காமல்.

"பின்ன எத்தன?"

"லட்சக்கணக்குல இருப்பான். நாலு *தடவ* எழுப்பணும்."

"எனக்கு அவ்வளவுதான் தெரியும். தெரிஞ்ச நீ வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்க. நீ பேசுனதால நான் சாவப் பாத்தேன்னு வருத்தப்படுற. நீ பேசுனதாலதான்யா மொத ரெண்டு ஊசிக்கே நான் வந்தேன்."

டாக்டரம்மா தன் அறை வாசலில் வந்து நின்றார். லஸ்கர் தங்கராசுவைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் கடிபட்ட கையைப் பார்த்தார், துடைத்து வெறுமையாகக் கிடந்த சுவரைப் பார்த்தார்.

"கையில கடியாம்மா? கைன்னா அது வேற ஆறு. கொள்ளிடம்னு வச்சுக்க" என்றார். வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் முன்னால் நகர்ந்தது. "இப்ப நான் சொல்லப்போறதெல்லாம் கதை. ஆனா இந்தச் சீட்டுல எழுதியிருக்கிற நாலு தேதி கதையில்ல. அத மட்டும் மொதல்ல மனசுல வாங்கிக்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் மாத்திரை எண்ணுகிறவன் மாதிரி ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.